பரணில் நாற்பது வருடச் சாமான், கையில் ஆறே வாரம்

நங்கநல்லூர்_மூத்தவள்:

நங்கநல்லூரில் அப்பா 1984-இல் கட்டிய வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டோம். தை பிறந்ததும் இடிக்கிறார்கள். பதினெட்டு மாதத்தில் பிளாட் சாவி என்கிறார்கள், நாங்கள் இரண்டரை வருடம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். அதுவரை அம்மாவும் நானும் ஆதம்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில். இரண்டு பெட்ரூம், ஒரே ஒரு பரண், அந்தப் பரணிலும் பாதியில் வீட்டுக்காரர் தன் சாமானைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்.

இங்கே இருப்பதைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அம்மாவின் சீர்ப் பாத்திரம், அதற்கு முந்தைய பாட்டியின் சீர்ப் பாத்திரம், இரண்டிலும் பேர் வெட்டியிருக்கிறது. பித்தளைக் குடம் நான்கு. ஐம்பது பேருக்குச் சாதம் வடிக்கிற அண்டா ஒன்று (ஐம்பது பேர் கடைசியாக எங்கள் வீட்டில் சாப்பிட்டது தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள், 2006). கொலுப் பொம்மை மூன்று டிரங்குப் பெட்டி. ஓடாத மிக்ஸி மூன்று, மூன்றிலும் "மோட்டார் நல்லா இருக்கு". பின்பக்கம் கர்ப்பிணி மாதிரி வீங்கின பழைய டிவி. அப்பா வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு போட்டு வைத்தவை ஒரு பீரோ நிறைய. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது, பீரோவைத் திறந்தால் இன்னும் மூக்குப்பொடி வாசனை. தாம்பூலப் பை மட்டும் 212, நானே உட்கார்ந்து எண்ணினேன். யாருக்கும் தைக்க உதவாத ரவிக்கைத் துணி தனி மூட்டை, அது எந்த நவராத்திரியில் எந்த வீட்டிலிருந்து வந்ததோ, அடுத்த நவராத்திரியில் எந்த வீட்டுக்குப் போக இருந்ததோ.

போன ஞாயிற்றுக்கிழமை தைரியமாகப் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு ஒரு மூட்டை போட்டேன். அதில் நசுங்கிப்போன ஓர் அலுமினியக் குண்டான் இருந்தது. அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயது, மூட்டு வலி, ரேஷன் கடைக்கு நடக்க முடியாது என்பவள், தெருமுனை வரை அவர் பின்னாலேயே போய், அவர் எனக்குக் கொடுத்ததற்கு மேல் இருபது ரூபாய் கொடுத்து அந்தக் குண்டானைத் திரும்ப வாங்கி வந்துவிட்டாள். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. அமெரிக்காவில் இருக்கும் தங்கை வீடியோ காலில் "எல்லாத்தையும் தூக்கிப் போடுக்கா" என்கிறாள், ஆனால் அவளுடைய அரங்கேற்ற டிரஸ்ஸும் பத்தாவது ரெக்கார்டு நோட்டும் பத்திரமாக இருக்க வேண்டுமாம்.

எங்கே ஆரம்பிப்பது? எதை எங்கே கொடுப்பது? "ஒரு வருடம் தொடாததைத் தூக்கிப் போடு" என்ற விதியைத் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். அந்த விதிப்படி எங்கள் வீட்டில் முதலில் போக வேண்டியது ட்ரெட்மில், அது நான் வாங்கியது.


ஜாபர்கான்பேட்டை_சேறு:

மேடம், ஒரே நாள் வேலை. அம்மாவை இரண்டு நாள் ஏதாவது சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள், ஒரு டெம்போவைக் கூப்பிடுங்கள், காயலான் கடைக்காரரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், முடிந்தது.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் எங்கள் தரைத்தளத்துக்குள் வந்தபோது நாங்கள் எதையும் "தேர்ந்தெடுக்க" வாய்ப்பே வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு தெருவெல்லாம் மெத்தையும் பீரோவும் சேறோடு குவிந்து கிடந்தது, லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. வாஷிங் மெஷின் போனதற்கு வீட்டில் யாரும் அழவில்லை. என் மனைவி அழுதது அவள் அப்பா கைப்பட எழுதிய ஒரு வீட்டுக் கணக்கு நோட்டுக்கு, "கொத்தமல்லி 10 பைசா" என்று எழுதியிருக்கும். அது ஒன்றைத் தவிர வேறு எதையும் இன்றைக்கு ஞாபகம் வைத்துத் தேடுவதில்லை.

(உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அடுத்த மூன்று வருடத்தில் பரண் மறுபடியும் நிறைந்துவிட்டது.)


ஓய்வுபெற்ற_கேஷியர்:

மேலே எழுதிய நண்பர் மன்னிக்கவும், ஒரே நாளில் செய்யவே செய்யாதீர்கள். அதுவும் அம்மாவை அனுப்பிவிட்டுச் செய்தால் பாத்திரம் போகும், அம்மாவும் ஒரு மாதிரி போய்விடுவார்கள். அதை விடுங்கள், நான் சொல்ல வந்தது காகிதம். காகிதத்தை மட்டும் கடைசியில் எடுங்கள், எடுத்தால் ஒவ்வொரு தாளாகப் பாருங்கள்.

முப்பத்தி நாலு வருடம் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தலைமுறை ஆண்கள் முக்கியமான காகிதத்தை ஃபைலில் வைக்கமாட்டார்கள். பஞ்சாங்கத்துக்குள், பழைய டைரி அட்டைக்குள், பீரோவில் விரித்த பேப்பருக்குக் கீழே, பொங்கல் வாழ்த்து அட்டைகளுக்கு நடுவில். என் மாமனாருடைய டெபாசிட் ரசீது அவருடைய ஜாதக நோட்டுக்குள் இருந்தது. பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட்டை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றிவிடும், ஆனால் அந்தப் பணம் போய்விடாது, வாரிசுகள் கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் என்று தெரியாவிட்டால் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் என்ற இணையதளத்தில் அப்பா பெயரைப் போட்டுத் தேடுங்கள். எல்லா வங்கியும் அதில் இல்லாவிட்டாலும் பெரிய வங்கிகள் இருக்கின்றன.

ஷேர் சர்டிபிகேட் கிடைத்தால் "கம்பெனி பேரே மாறிப்போச்சு" என்று பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். 2019 ஏப்ரல் 1-லிருந்து காகித வடிவில் ஷேரை விற்று மாற்ற முடியாது, ஆனால் வாரிசு பெயருக்கு மாற்றி டீமேட், அதாவது காகிதமில்லாத மின்னணு வடிவம், ஆக்கிக்கொள்ளலாம். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் அந்த ஷேரே அரசாங்கத்தின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும், அதையும் விண்ணப்பம் போட்டுத் திரும்பப் பெறலாம். அலைச்சல்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்று, வீட்டையே இப்போதுதான் கைமாற்றுகிறீர்கள். மூலப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா, பிளான் அப்ரூவல், வரி ரசீது, இதெல்லாம் புது பிளாட் உங்கள் பெயரில் பதிவாகிக் கையில் வரும் வரை உங்களோடு பஸ்ஸில் வர வேண்டும், டெம்போவில் இல்லை.

பழைய ஐந்நூறு, ஆயிரம் நோட்டு கட்டாயம் கிடைக்கும். அரிசி டின், புடவை மடிப்பு, கடுகு டப்பா என்று எல்லா அம்மாக்களும் வைத்திருந்தவைதான். அழுதுவிட்டு இரண்டு ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பது 2017-இல் வந்த சட்டப்படி குற்றம்.


திருவல்லிக்கேணி_பிளாட்பாரம்:

பைண்டு போட்ட தொடர்கதை ஒரு பீரோவா! அக்கா, கை வைக்காதீர்கள்.

இதை நிறையப் பேர் "அதான் புத்தகமா வந்துடுச்சே" என்று எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். புத்தகமாக வந்ததில் கதை மட்டும்தான் இருக்கும். வாரா வாரம் வந்தபோது கூடவே மணியமும் கோபுலுவும் வரைந்த படம் இருக்கும், ஓரத்தில் தலைவலித் தைலம், வானொலிப் பெட்டி விளம்பரம் இருக்கும், பின்பக்கத்தில் வேறு எவருடையதோ பாதிச் சிறுகதை தொங்கும், அது எங்கேயுமே மறுபடி அச்சில் வராததாக இருக்கலாம். உங்கள் அப்பா சேர்த்தது அதை.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு மனிதர் தனி ஆளாகப் பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வீட்டை நிரப்பினார். அவர் காலத்துக்குப் பிறகு 1994-இல் அதை வைத்துத் தொடங்கியதுதான் இந்த நூலகம். அவர் வீட்டிலும் யாராவது "இந்தக் குப்பையை எப்போ எடுப்பீங்க" என்று கேட்டிருக்கமாட்டார்களா? முதலில் ஒரு பட்டியல் போடுங்கள், பத்திரிகைப் பெயர், எந்த வருடம், எத்தனை தொகுதி, அவ்வளவு போதும். அதை அனுப்பிவிட்டு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஏற்கெனவே இருப்பதை வேண்டாம் என்பார்கள், அதில் மனம் வருத்தப்பட ஒன்றுமில்லை. மூட்டையாகக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு வராதீர்கள், செல்லரித்ததை நல்லதோடு சேர்க்கவும் சேர்க்காதீர்கள், ஒரு கட்டில் கரையான் இருந்தால் போதும்.

மிச்சம் இருக்கும் நாவல்களை எங்கள் பக்கம் பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளிலோ லஸ் பக்கமோ காட்டலாம், விலை பெரிதாக வராது, ஆனால் படிக்கிறவன் கைக்குப் போகும். என்ட்ரன்ஸ் கைடு, பழைய டெலிபோன் டைரக்டரி இதெல்லாம் நேராக பேப்பர் கடை, அதற்குப் போய் உணர்ச்சிவசப்பட வேண்டாம்.

கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் ஏட்டுச்சுவடிகளை நெய்யில் தோய்த்து அக்கினியில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சா. துடித்த கதை நமக்கெல்லாம் தெரியும். போட்டவர்களும் வீட்டை, அதாவது கோயிலைச் சுத்தம் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.


நங்கநல்லூர்_மூத்தவள்:

எல்லோருக்கும் நன்றி. கேஷியர் சார் எழுதியதை அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன். "அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பேச்சு வார்த்தை தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். கடுகு டப்பாவில் நான்கு ஐந்நூறு இருந்தது.

பாத்திரம், துணி பற்றி யாராவது சொல்லுங்கள்.


மடிப்பாக்கம்_மருமகள்:

என் மாமியாரோடு இதே யுத்தம் நடத்தி இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை பிழைத்தவள் நான். தோற்றதற்குக் காரணம் நான் கேட்ட கேள்வி. "இது வேணுமா அத்தை?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு அந்த வயதில் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். வேண்டாம் என்று சொன்னால் அப்புறம் தானே வேண்டாதவள் ஆகிவிடுவோமோ என்று ஒரு பயம் உள்ளே இருக்கும்போல, அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. மூன்றாம் தடவை "இதை யாருக்குக் குடுக்கலாம்?" என்று கேட்டேன். உடனே முகம் மாறிவிட்டது. வெங்கலப் பானை பெரிய நாத்தனாருக்கு, சேவை நாழி அவருடைய சித்தி பெண்ணுக்கு, இட்லிக் கொப்பரை எதிர் பிளாட்டில் புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த பெண்ணுக்கு, ஆனால் அந்தப் பெண்ணை ஒரு நாள் வரவழைத்து, துணி போட்டு இட்லி வார்க்கத் தெரியுமா என்று பார்த்த பிறகுதான் கொடுத்தார். சில பேர் அந்தத் தேர்வில் பெயில் ஆனார்கள், என் சொந்தத் தங்கை உட்பட.

பித்தளையை எடைக்குப் போடுவதாக இருந்தால் இரண்டு பாத்திரக் கடையிலாவது விலை கேளுங்கள். வாசலில் வருகிறவர் பழைய இரும்பு விலையில் ஆரம்பிப்பார். நன்றாகத் தேய்த்து ஈயம் பூசினால் அதே பாத்திரத்தை இப்போது ஆன்லைனில் எவ்வளவுக்கு விற்கிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வரும். பேர் வெட்டியது விலை போகாது என்று சொல்லிக் குறைப்பார்கள், நம்பாதீர்கள், பித்தளைக்குப் பேர் தெரியாது.

பட்டுப்புடவையும் அப்படித்தான். "பழைய பட்டுப்புடவை வாங்கறது" என்று கத்திக்கொண்டு வருகிறவர் புடவைக்காக வரவில்லை, சரிகைக்காக வருகிறார். அந்தக் காலத்து அசல் சரிகை என்றால் உள்ளே வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். சரிகையைச் சோதித்துப் பார்த்து எடை போடுகிற கடையில் கொடுத்தால் வித்தியாசம் தெரியும்.

மற்றத் துணியில் கட்டுகிற நிலையில் இருப்பதைத் துவைத்து மடித்துக் கொடுங்கள். கிழிந்த மூட்டையை ஆசிரமத்தில் இறக்கிவிட்டுப் புண்ணியம் சேர்த்துக்கொள்கிற வழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது, பார்த்தால் கோபம் வரும். 1999-இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு சென்னையிலும் துணி சேகரிக்கிறது. நல்ல துணி தவிர, பழைய பருத்தி வேட்டி, பெட்ஷீட்டை எல்லாம் மாதவிடாய்த் துணியாகத் தைத்துக் கிராமங்களுக்குக் கொடுக்கிறார்கள். அப்பாவின் வேட்டிகளை என்ன செய்வது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று தெரியும்.

கொலுப் பொம்மையை வயதானவர்கள் காசுக்கு விற்கமாட்டார்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். முதல் கொலு வைக்கிற வீடாகப் பார்த்து ஒரு செட், மரப்பாச்சியோடு கொடுங்கள்.


போகிப்_புகை:

போகிக்கு முன்னால் காலி செய்கிறீர்கள் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். "கொளுத்திட்டா முடிஞ்சுது" என்று யாராவது கிளம்புவார்கள், விடாதீர்கள். பழைய பாயும் வறட்டியும் எரித்த காலம் வேறு. இப்போது டயரும் ரெக்சினும் பிளாஸ்டிக் சேரும்தான் எரிகிறது. 2018 போகி அன்று பனியும் புகையும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பி விட்டார்கள், நங்கநல்லூர்க்காரரான உங்களுக்கு அது வாசலில் நடந்த விஷயம்.

சோபா, கட்டில், மெத்தை மாதிரி பெரிய சாமான்களுக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள், சனிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போகிற ஏற்பாட்டை 2025 அக்டோபரில் தொடங்கினார்கள். இலவம்பஞ்சு மெத்தை என்றால் அதற்கு முன் ஒரு பஞ்சுக் கடையில் விசாரியுங்கள், இலவம்பஞ்சு குப்பைக்குப் போகிற பொருள் இல்லை.

வீங்கின டிவியை மட்டும் தெருவில் வருகிறவரிடம் போடாதீர்கள். அவருக்கு வேண்டியது உள்ளே இருக்கும் செம்புக் கம்பி, அதை உருவிவிட்டுக் கண்ணாடியை எங்காவது காலி மனையில் உடைத்துப் போடுவார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம்தான் அது போக வேண்டும், மூன்று மிக்ஸியும் அதோடே போகட்டும். மோட்டார் நன்றாக இருந்தாலும்.

தேதி முடிந்த மாத்திரையை டாய்லெட்டில் கொட்ட வேண்டாம், டியூப் லைட், பெயின்ட் டப்பா எல்லாவற்றோடும் சேர்த்துத் தனிப் பையில் கட்டி, இது இன்னது என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் கையை விட்டுப் பிரிக்கிறவர் அவர்தான்.


மஞ்சப்பை:

212 தாம்பூலப் பையா, எங்கள் வீட்டை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. 2019 ஜனவரி 1-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த அன்று எங்கள் அம்மா தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி நடந்துகொண்டார். அந்தப் பைகளைத் தெருமுனைக் காய்கறி வண்டியில் கொடுங்கள், இரண்டு நாளில் காலி. "கமலா வெட்ஸ் ராமன்" பையில் கத்தரிக்காய் போகும், பரவாயில்லை.


நங்கநல்லூர்_மூத்தவள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மடிப்பாக்கம் மேடம், உங்கள் கேள்வி வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிட்டது. அண்டாவைப் பக்கத்துக் கோயில் மடப்பள்ளிக்குக் கொடுத்தோம், கொடுத்த மறுநாள் அம்மா ஆட்டோ பிடித்துப் போய் அதில் புளியோதரைதான் கிளறுகிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தாள். குடத்தில் இரண்டு போயிற்று, பாட்டி பேர் வெட்டிய இரண்டு எங்களோடு வருகிறது, அது பற்றி இனிமேல் பேச்சில்லை. பைண்டுகளைப் பட்டியல் போட மூன்று ராத்திரி ஆனது. முதல் ராத்திரி நான் மட்டும், இரண்டாம் ராத்திரியிலிருந்து அம்மா எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பிரித்துக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள், அதனால்தான் மூன்று. தரமணிக்குப் பட்டியல் போயிருக்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறோம். பதினோரு தொகுதி கரையானோடு போய்விட்டது. அப்பா வேட்டிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், கையில் தூக்கிக் கொடுக்கத்தான் இன்னும் நாள் வரவில்லை.

தாய்ப் பத்திரம் எங்கே இருந்தது தெரியுமா சார்? கொலுப் பெட்டியில், செட்டியார் பொம்மைக்கு அடியில்.

அப்புறம் அந்தக் குண்டான். ஏன் துரத்திக்கொண்டு போனாய் என்று ஒருவழியாகக் கேட்டேன். நான் என்னவோ எங்களுக்கெல்லாம் வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டிய குண்டான், ஏதோ பழைய ஞாபகம் என்று நினைத்துக் கொஞ்சம் கலங்கிப்போய் இருந்தேன். "அது நம்மளதே இல்லடி, எதிர்வீட்டு மாமியோடது. அடுத்தவா சாமானை விக்கறதுக்கு நீ யாரு?" என்றாள். 1997-இல் ஏதோ விசேஷத்துக்கு வாங்கியதாம். மாமி பிள்ளையோடு பெங்களூருக்குப் போயே பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நம்பர் தேடிப் பிடித்துப் பேச வைத்தேன், ஒன்றே கால் மணி நேரம் பேசினார்கள். மாமிக்குக் குண்டான் ஞாபகமே இல்லை. ஆனால் எங்கள் வீட்டு முறுக்கு நாழி அவர்களிடம் இருக்கிறதாம், பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்களாம், அடுத்த மாதம் யாரோ சென்னைக்கு வரும்போது கொடுத்து அனுப்புகிறார்கள்.

ஏற்கெனவே எங்களிடம் மூன்று முறுக்கு நாழி இருக்கிறது.

ட்ரெட்மில் இன்னும் போகவில்லை. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் டெம்போ செலவு என்னுடையது. அம்மா கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று இருக்கிறது: வீட்டில் ஓடப்போவது யார், நிஜமாகவே ஓடுவார்களா?